எண்பத்து மூன்று டிகிரி

நான் மூன்றாவது வகுப்போடு நின்றவள். ஆனாலும் தாராவியில் எங்கள் சந்தில் யாருக்கு ஊர்க் கடுதாசி வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். நடுவில் தெரியாத வார்த்தை வந்தால் நிறுத்த மாட்டேன். முன்னும் பின்னும் பார்த்து நானே ஒன்றைப் போட்டு வாசித்துவிட்டு மேலே போவேன். ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு. இப்போதும் கர்வக்காரிதான், இல்லையென்று சொல்லவில்லை. அந்தக் கர்வத்தால் ஒரு பொம்பளையின் பிழைப்பில் மண் விழுந்தது. இத்தனை வருஷத்தில் அதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எழுதவாவது செய்வோம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் ஓடும்.

அது யுத்த காலம். சயானுக்கும் தாராவிக்கும் நடுவே ஒரு பெரிய தகரக் கொட்டகை இருந்தது. ஓடித் தேய்ந்த சினிமா பிலிம் சுருள்களை மூட்டை மூட்டையாக அங்கே கொண்டுவந்து தட்டுவார்கள். சலவைச் சோடாக் காரம் போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் படமெல்லாம் கழன்றுவிடும். ராஜாவும் ராணியும் அழுக்காகிச் சாக்கடையில் ஓடுவார்கள். மிஞ்சுவது கண்ணாடி மாதிரி வெறும் நாடா. அதை நறுக்கி, பழவாடை அடிக்கிற ஒரு மருந்தில் கரைத்து, கற்பூரம் சேர்த்து, கூழ் பதத்துக்கு வந்ததும் பெரிய கண்ணாடிப் பலகைகளின் மேல் ஊற்றிப் பரப்புவார்கள். காய்ந்தபின் உரித்தால் அகலமான பிலிம் தகடு வரும். பட்டாளத்துக்காரர்கள் தூசிக்கும் புகைக்கும் மாட்டுகிற முகமூடியில் கண்ணுக்கு நேரே ஜன்னல் வைக்க அந்தத் தகடு போகிறது என்றார்கள்.

வெயிலில் நிற்கிற லாரிக்குள் கிடந்தால் ஜன்னல் இளகி வளைந்துவிடக் கூடாது அல்லவா? அதனால் ஒவ்வொரு நாள் தகட்டையும் சோதிக்க வேண்டும். எண்பத்தைந்து டிகிரிச் சூடு வரைக்கும் இளகாமல் நின்றால் தகடு பாஸ். அதற்குக் கீழே இளகினால் அன்றைக்கு ஊற்றின அத்தனை தகடும் கத்தரிபட்டு, திரும்பவும் மருந்துத் தொட்டிக்கே போகும்.

அந்தச் சோதனைக்குத்தான் என்னை வைத்தார்கள். கொட்டகையின் மேஸ்திரி எங்கள் ஊர்ப்பக்கத்து அண்ணாச்சி. “கடுதாசி வாசிக்கிற பொம்பள, நம்பர் பாக்கத் தெரியும், ஒரே இடத்துல அசையாம இருப்பா” என்று முதலாளி சேட்டிடம் சொல்லிச் சேர்த்துவிட்டார். வேலையைச் சொல்லிக்கொடுத்தது கெமிஸ்ட் சார். அவர் மாதுங்காக்காரர், காலேஜில் பாடம் சொல்லுகிறவர். திங்களும் வெள்ளியும் சாயங்காலம் ஒரு மணி நேரம் எங்கள் கொட்டகைக்கு வந்து என் நோட்டைப் பார்ப்பார்.

வேலை இதுதான். தகட்டிலிருந்து விரல் அகலத்தில் ஒரு துண்டு வெட்ட வேண்டும். மேல் முனையை ஒரு கிளிப்பில் மாட்டி, கீழ் முனையில் சின்ன ஈயக் குண்டைத் தொங்கவிட வேண்டும். அதை நீளமான கண்ணாடிக் குழாய்க்குள் இறக்கி, பக்கத்திலேயே தெர்மாமீட்டரையும் இறக்கி, குழாயைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்த வேண்டும். பிலிமுக்கு நெருப்பு ஆகாது, பொறி பட்டால் போச்சு. அதனால் அடுப்பு மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கிருந்து கொதிநீரைத் தூக்கி வந்து கரண்டி கரண்டியாக ஊற்றி மெல்லச் சூடேற்றுவேன். துண்டு கொஞ்ச நேரம் விறைப்பாகத் தொங்கும். சூடு ஏறியதும், தூக்கக் கலக்கத்தில் தலை சாய்கிற மாதிரி, துண்டு நீண்டு குண்டு கீழே இறங்கும். குழாயில் சார் கீறியிருந்த அடையாளத்தைக் குண்டு தொட்டதோ இல்லையோ, தெர்மாமீட்டரைப் பார்த்து எண்ணை எழுத வேண்டும். ஒரு தகட்டுக்கு மூன்று துண்டு. அப்புறம் இன்னொரு துண்டை முன்னும் பின்னும் மடக்கி, எத்தனையாவது மடிப்பில் ஒடிகிறது என்று எண்ணுவதும் என் வேலைதான். அதில் எனக்குத் தகராறு வந்ததில்லை. விரலும் வாயும் சேர்ந்து செய்கிற வேலை அது.

“பத்துக்குப் பத்து எண் போட்டிருக்கு பார். நடுவிலே இருக்கிற ஒவ்வொரு கோடும் ஒரு டிகிரி” என்று சார் சொல்லிக்கொடுத்தார். அதை அப்படியே மனசில் பதித்துக்கொண்டேன். எண்பதுக்கு மேல் ஆறு கோடு என்றால் எண்பத்தாறு. எங்கள் தகடு எண்பத்தாறிலும் எண்பத்தேழிலும்தான் இளகும்.

தகடு உரிக்கிறவள் மேலப்பாளையத்துக்காரி. என்னைவிடப் பத்து வயசு மூத்தவள், இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகப் பிழைத்தவள். நான் அவளை யக்கா என்பேன். உரிக்கிறது லேசான வேலை இல்லை. சீக்கிரம் உரித்தால் உள்ளே மருந்து நின்று தகடு இளகலாக இருக்கும். நாள் கடத்தினால் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கிழியும். அவள் விரல் முதுகைத் தகட்டின் ஓரத்தில் வைப்பாள். குளிர்ச்சி தட்டினால் மருந்து இன்னும் போகவில்லை என்று அடுத்த பலகைக்கு நகர்ந்துவிடுவாள். குளிர்ச்சி இல்லையென்றால் நகத்தால் மூலையைக் கிளப்பி, ஒரே இழுப்பில், சத்தமே இல்லாமல் எடுத்துவிடுவாள்.

“என்னளா, கண்ணாடிக் குச்சி என்ன சொல்லுது?” என்று கேட்டுக்கொண்டே என்னைக் கடந்து போவாள்.

“எண்பத்தாறுக்கா.”

“சொல்லாம என்ன செய்யும்? உரிச்சது ஆருன்னு அதுக்குத் தெரியாதா?”

இப்படிச் சிரிப்பும் பேச்சுமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் சூடு ஆறாத தெர்மாமீட்டரை நான் ஈரத் தரையில் வைத்துவிட்டேன். டக்கென்று உடைந்து, பாதரசம் உருண்டோடியது. சார் ஒரு வார்த்தை திட்டவில்லை. சீமைச் சாமான் எதுவும் கிடைக்காத காலம். காலேஜ் அலமாரியில் இருந்த வேறொரு தெர்மாமீட்டரைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார்.

“இதுவும் நூறு வரைக்கும்தாம்மா. ஆனா இதிலே கோடு...” என்று ஆரம்பித்தார்.

மேஸ்திரி அண்ணாச்சியும் இரண்டு மூன்று பொம்பளைகளும் பக்கத்தில் நின்றார்கள். அவர்கள் முன்னால் எனக்குத் திரும்பவும் பாடம் நடத்துகிறாரே என்று பட்டது. “தெரியும் சார். இத்தனை மாசமா நான்தான பாக்கேன்” என்று வெடுக்கென்று கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அவரும் மரியாதைக்காரர். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் தகடு எண்பத்து மூன்றில் இளகியது. அடுத்த நாளும் அப்படியே. ஒரு நாள் எண்பத்து மூன்றரை. எண்பத்தைந்தை எட்டவே இல்லை. உரித்த தகடெல்லாம் கத்தரிபட்டுத் தொட்டிக்குப் போயிற்று. மருந்து மாறவில்லை, கற்பூர அளவு மாறவில்லை, ஊற்றுகிற ஆளும் மாறவில்லை. அப்படியென்றால் காய்வதற்கு முன்னால் உரிக்கிறாள் என்று பேச்சு அவள் பக்கம் திரும்பியது.

அவள் இன்னும் கூடுதல் நேரம் காயவிட்டாள். என் நோட்டில் எண்பத்து மூன்றே வந்தது. பிறகு ஒரு ராத்திரி கூடுதலாக விட்டாள். ஓரம் ஒட்டிக் கிழிந்ததுதான் மிச்சம், எண் ஏறவில்லை. மூன்று வாரம் இப்படியே போயிற்று.

“உன் குச்சிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுளா” என்றாள் ஒரு நாள், எல்லாரும் இருக்கும்போது.

எனக்குச் சுருக்கென்றது. “குச்சிக்கு ஒரு கேடும் இல்ல. உங்க கைக்குத்தான் அவசரம். சீக்கிரம் முடிச்சுட்டு வெத்தல போட உக்காரணும்லா?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அன்றையிலிருந்து என்னைக் கடந்து போகும்போது கேட்பதை விட்டுவிட்டாள்.

பிறகு ஒரு வியாழக்கிழமை. சேட் எங்கிருந்தோ ஒரு சீமைத் தகடு கொண்டுவந்தார், நம்முடையதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். முதலில் நம் துண்டைப் போட்டேன். எண்பத்து மூன்று. பிறகு சீமைத் துண்டு. அது இளகுகிற வழியாய் இல்லை. நான் கொதிநீரை ஊற்ற ஊற்றப் பாதரசம் ஏறிக்கொண்டே இருந்தது. எண்பது. முதல் கோடு, எண்பத்தொன்று. இரண்டாவது, மூன்றாவது. நாலாவது கோடு, எண்பத்து நாலு. அதற்கடுத்த கோட்டுக்குப் பக்கத்தில் ஒன்பதும் சைபரும் போட்டிருந்தது.

எண்பத்து நாலுக்கு அடுத்தது தொண்ணூறா?

கண்ணைக் கசக்கிவிட்டு எண்ணினேன். எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவே எண்ணினேன், அங்கேயும் நாலே கோடு. இந்தத் தெர்மாமீட்டரில் ஒரு கோடு என்றால் இரண்டு டிகிரி. சார் சொல்ல வந்தது அதுதான். மூன்று வாரமாக நான் எண்பத்து மூன்று என்று எழுதினதெல்லாம் எண்பத்தாறு. தகடு மாறவே இல்லை. அவள் கையும் மாறவில்லை.

உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. கொதிநீர்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு வியர்த்தால் யார் கவனிப்பார்கள்? சீமைத் துண்டு தொண்ணூறு தாண்டி இரண்டாவது கோட்டில் இளகியது. அதைத் தொண்ணூற்று நாலு என்று சரியாக எழுதினேன். மேலே இருந்த எண்பத்து மூன்றை அடிக்கவில்லை. அவர்களது தொண்ணூற்று நாலு, நம்முடையது எண்பத்து மூன்று. அந்த நோட்டைப் பார்த்துத்தான் சேட்டுக்குக் கோபம் தலைக்கேறியது. நான் எழுதின முதல் சரியான எண்ணும் அவளுக்குக் கெடுதலாகவே போய் முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் துண்டு மூன்றாவது கோட்டில் இளகியது. தெரிந்தே எண்பத்து மூன்று என்று எழுதினேன். அதற்கு முன் மூன்று வாரம் நடந்தது தெரியாமை. அன்றைக்குச் செய்தது அப்படி இல்லை.

அன்று சாயங்காலம் சார் வந்தார். அவரிடம் ஒரு பெட்டி இருந்தது. அதில் இரண்டு கறுப்புக் கண்ணாடிகள் உண்டு. ஒன்றின் மேல் ஒன்றைக் குறிப்பிட்ட மாதிரி திருப்பி வைத்தால் வெளிச்சமே வராது, கும்மிருட்டு. நடுவில் பிலிமைச் செருகிப் பார்ப்பார். தகட்டில் எங்கேயாவது இழுபட்டிருந்தால் அந்த இருட்டில் வெளிச்சக் கோடு தெரியும், சில இடத்தில் மயில் கழுத்து நிறம்கூடத் தெரியும். பிலிமுக்குள்ளே இருக்கிற இழையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டால் அப்படி ஆகும் என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவள் உரித்த தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகிச் செருகிப் பார்த்தார். நெற்றியைச் சொறிந்தார்.

“காயாம உரிச்சா இழுபடணும். இழுபட்டா கோடு விழணும். ஒண்ணையும் காணுமே! இருட்டுன்னா இருட்டு, அப்படி இருக்கு. நன்னாக் காய்ஞ்ச தகடுன்னா இது?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “நீ நன்னாப் பாத்தியாம்மா?”

அந்த ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். அவர் திட்டுகிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும். “மூணு துண்டு போட்டுப் பாத்தேன் சார். மூணும் ஒரே மாதிரிதான் வந்துது” என்றேன். அது பொய்யில்லை பாருங்கள். மூன்றும் ஒரே மாதிரிதான் வந்தது.

“மூணும் ஒரே மாதிரின்னா சரியாத்தான் இருக்கணும்” என்று நோட்டில் கையெழுத்துப் போட்டார். வெளியே அண்ணாச்சியிடம் சேட், திங்கள்கிழமை உரிக்க வேறு ஆள் பார் என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

வயிற்றுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்கள் மன்னித்துவிடுவார்கள். அப்படி இல்லை. என் வீட்டுக்காரருக்கு நிரந்தர வேலை இருந்தது. எங்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் போயிருக்காது. எனக்கு இருந்த பயமெல்லாம், கோடு எண்ணத் தெரியாதவள் என்று தெரிந்துவிடுமே என்பதுதான். அப்புறம் எந்த முகத்தோடு சந்தில் உட்கார்ந்து கடுதாசி வாசிப்பேன்?

சனிக்கிழமை காலையில் அவள் நேரே என் இடத்துக்கு வந்தாள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, அண்ணாச்சியையும் மற்றவர்களையும் கூப்பிட்டாள்.

“அண்ணாச்சி, என்னைய நிறுத்துறதுன்னா நிறுத்துங்க. ஆனா என் கண்ணு முன்னால ஒரு துண்டு போடச் சொல்லுங்க. நானும் பாக்கணும்.”

“நீ பாத்து என்னத்தம்மா வாசிக்கப் போறே?” என்றார் அண்ணாச்சி.

“வாசிக்கத்தான் தெரியாது. குருடா நான்?” என்றவள் என்னைப் பார்த்தாள். “இன்னைக்கு எண்பத்தஞ்சத் தாண்டிச்சோ, இவ பொய்க்காரின்னு தாராவி பூரா சொல்லுவேன்.”

அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்காவது சரியாகச் சொல்லியிருப்பேனோ என்று நினைத்துப் பார்த்ததுண்டு. அதுவும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிற சமாதானம்தான்.

துண்டை வெட்டினேன், மாட்டினேன், குண்டைத் தொங்கவிட்டேன். ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். அவள் என் பக்கத்தில் குந்தி, மூச்சு விடாமல் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீர் ஊற்றினேன். பாதரசம் ஏறியது. துண்டு நீண்டு, குண்டு அடையாளத்தைத் தொட்டது. பாதரசம் மூன்றாவது கோட்டில் நின்றது. அங்கே நின்றவர்களில் அது எண்பத்தாறு என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

“எங்க நிக்கி?” என்றாள். குரல் இறங்கியிருந்தது.

விரலை வைத்துக் காட்டினேன். “இந்தா, இது எண்பது. ஒண்ணு, ரெண்டு, மூணு. எண்பத்து மூணு. நீங்களே எண்ணிப் பாருங்க.”

அவளும் விரலை வைத்து எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. சரியாக வந்தது. இன்னொரு தடவை எண்ணினாள். பிறகு எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு நடந்துபோனாள்.

“கண்ணால பாத்தாச்சுல்லா? போய் வேலையப் பாருங்க” என்று அண்ணாச்சி எல்லாரையும் விரட்டினார்.

திங்கள்கிழமை புது ஆள் வந்தாள். அவளுக்கு விரல் வைத்துப் பார்க்கவெல்லாம் தெரியாது, உரிக்கும்போது தகடு பரபரவென்று சத்தம் போட்டது. துண்டு மூன்றாவது கோட்டில் இளகியது. எண்பத்தாறு என்று எழுதினேன். இனிமேலாவது ஒழுங்காக எழுதுவோம் என்று நினைத்தேன். அந்த எண் என்ன செய்யும் என்று எழுதின பிறகுதான் உறைத்தது.

“பாத்தியா, கை மாறுனதும் டிகிரி ஏறிட்டு!” என்று அண்ணாச்சி கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். அவர் மேல் என்ன தப்பு? நோட்டு அப்படித்தான் சொல்லியது. சாயங்காலம் சார் கறுப்புக் கண்ணாடிகளுக்கு நடுவே புதுத் தகட்டைச் செருகினார். இருட்டுக்குள்ளே வெளிச்சக் கோடுகள் கிழித்துவிட்ட மாதிரி ஓடின. “இவ இழுத்துன்னா உரிச்சிருக்கா! பழைய ஆளோடது எவ்வளவு சுத்தமா இருந்துது” என்று முணுமுணுத்தார். பிறகு என் நோட்டைப் பார்த்தார். “என்னவோ போ. நம்மகிட்டே கேக்கறது டிகிரி. டிகிரி சரியா இருக்கு.” பெட்டியை மூடிவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் அவள் வந்தாள். அவளுடைய சோற்றுத் தூக்கு கொட்டகையிலேயே கிடந்தது, அதை வாங்கத்தான் வந்திருந்தாள். உள்ளே வரவில்லை. நான்தான் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். தூக்கை வாங்கிக்கொண்டவள் போகாமல் நின்றாள்.

“புதுசா வந்தவ தகடு எத்தனையில எளகுது?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் நின்றோம்.

“எண்பத்தாறு” என்றேன். “நேத்து எண்பத்தேழு.”

அவள் தன் வலது கையைத் திருப்பி விரல்களைப் பார்த்தாள்.

“அப்ப கைதான் போயிட்டு” என்றாள். “எனக்கே தெரியாமப் போயிருக்கு பாரேன். இந்தக் கைய நம்பி உன்னைய அத்தன பேர் முன்னால பொய்க்காரின்னு பேசிட்டேனேளா. நீ உள்ளதத்தான சொல்லியிருக்கே.” என் கையைப் பிடித்தாள். “மனசுல வச்சுக்கிடாத. தப்பு எம்மேலதான். மன்னிச்சிருளா.”

நான் அவளை மன்னித்தேன். “அதெல்லாம் அன்னைக்கே மறந்துட்டேன் யக்கா, விடுங்க” என்று, பெரிய மனசுக்காரி மாதிரி, அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சயான் பக்கமாக நடந்தாள். நான் உள்ளே வந்து அடுத்த துண்டைக் கிளிப்பில் மாட்டினேன்.